39-க்கு 39: ஒரே அணி எல்லாவற்றையும் வென்றால் தேர்தல் நியாயமானதா? தருமபுரி, கிருஷ்ணகிரி கணக்கிலிருந்து ஒரு விளக்கம்

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் திமுக அணி வென்றது. தருமபுரியும் அதில் சேர்த்தி. அங்கே திமுகவின் ஆ. மணி, பாமகவின் சௌமியா அன்புமணியை 21,300 வாக்குகளில் முந்தினார். பத்து ஆண்டுகளுக்கு முன், 2014-ல், 39-ல் 37 இடம் அதிமுகவுக்குப் போனது. அந்த அலையில் சாயாத தொகுதிகள் இரண்டே இரண்டு: கன்னியாகுமரி, தருமபுரி. தருமபுரியில் அன்று வென்றவர் பாமகவின் அன்புமணி ராமதாஸ். மாநிலம் முழுவதும் 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிய திமுகவுக்கு அந்த ஆண்டு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இப்படி முடிவு வரும்போதெல்லாம் இரண்டு பேச்சு எழும். 'இது எப்படி நடக்கும், எங்கேயோ தில்லுமுல்லு இருக்கிறது' என்பது ஒன்று. 'மக்கள் தீர்ப்பு கொடுத்துவிட்டார்கள், இனிப் பேச என்ன இருக்கிறது' என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரப் பேச்சு. முடிவு ஒருபக்கமாக வந்தது என்பதற்காகத் தேர்தல் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. வாக்கு எண்ணிக்கை ஒழுங்காக நடந்தது என்பதற்காகப் போட்டி சமமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. நாம் பார்க்க வேண்டியது வேறு: இன்றைக்குத் தோற்ற கட்சி ஐந்து ஆண்டு கழித்து எழுந்து வருவதற்கு வழி இருக்கிறதா, இல்லையா?

ஆதிக்கக் கட்சி என்று எதைச் சொல்கிறோம்?

தேர்தலில் பல கட்சிகள் நிற்கின்றன, ஆனால் தொடர்ந்து ஒரே கட்சிதான் ஆட்சிக்கு வருகிறது என்றால் அது ஆதிக்கக் கட்சி. அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்தல்களில் தனிப் பெரும்பான்மை என்பதைப் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரே கட்சிக்குத்தான் அனுமதி என்ற நாடுகளின் கதை வேறு, அது நமக்கு இங்கே தேவையில்லை.

ஆதிக்கத்தில் இரண்டு வகை உண்டு.

1. வாக்கால் வந்து வாக்காலேயே போகும் ஆதிக்கம். முதல் மூன்று பொதுத்தேர்தல்களில் காங்கிரஸ் 45 சதவீதத்தை ஒட்டிய வாக்குகளோடு மக்களவையில் ஏறக்குறைய முக்கால்வாசி இடங்களைப் பிடித்தது. 1952-ல் 489-க்கு 364. எதிர்க்கட்சிகள் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தன, கட்சிக்குள்ளேயே பல அணிகள் மோதிக்கொண்டன. ரஜனி கோத்தாரி 1964-ல் இதைக் 'காங்கிரஸ் முறை' என்று பெயரிட்டு விளக்கினார். 1967-ல் அந்தக் கட்டு தளர்ந்தது, பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது.

2. தேர்தல் நடக்கும், ஆட்சி மாறாது என்ற ஆதிக்கம். மெக்சிகோவில் ஒரே கட்சி 1929 முதல் 2000 வரை 71 ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்தது. தேர்தல் தவறாமல் நடந்தது, எதிர்க்கட்சிகளும் நின்றன. 1988 அதிபர் தேர்தலில் வாக்கு எண்ணும்போது கணினி அமைப்பு பழுதாகிவிட்டது என்று அறிவித்தார்கள். அப்புறம் ஆளுங்கட்சி வேட்பாளர் வென்றதாகச் சொன்னார்கள். 1996 சீர்திருத்தத்தில் தேர்தல் அமைப்பு அரசின் கையிலிருந்து விடுபட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கட்சி கீழவையில் பெரும்பான்மையை இழந்தது, 2000-ல் அதிபர் பதவியும் போனது.

தமிழ்நாடு இந்த இரண்டிலும் சரியாகப் பொருந்தாது. 1977, 1980, 1984 என்று மூன்று முறை எம்.ஜி.ஆரின் அதிமுக தொடர்ந்து வென்றதைத் தனி ஆதிக்கம் என்று சொல்லலாம். மொத்தமாகப் பார்த்தால், 1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் ஆட்சி திமுகவிடமோ அதிமுகவிடமோதான் போயிருக்கிறது. ஆகவே நம்முடையது இரட்டை ஆதிக்கம். ஒருவர் ஆளும்போது மற்றவர் காத்திருக்கிறார், மூன்றாவது ஆளுக்கு வாசற்படி வரைதான் இடம்.

பாதி வாக்கு முழு இடமாவது எப்படி?

நம்முடைய தேர்தலில் ஒரு தொகுதியில் யார் மற்றவர்களைவிட ஒரு வாக்கு அதிகம் வாங்குகிறாரோ அவர் வென்றவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தருமபுரியின் 2024 கணக்கைப் பாருங்கள். மணிக்கு ஏறக்குறைய 4 லட்சத்து 33 ஆயிரம், சௌமியாவுக்கு 4 லட்சத்து 11 ஆயிரம், அதிமுக வேட்பாளருக்கு 2 லட்சத்து 93 ஆயிரம். இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு விழுந்த வாக்குகளைக் கூட்டினால் 7 லட்சம் தாண்டுகிறது. அந்த 7 லட்சம் பேரும் ஒரே எண்ணத்தில் வாக்களித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எதிர்ப்பு வாக்கு எங்கே இரண்டாக உடைகிறதோ அங்கே முதலிடத்துக்குப் பாதி வாக்கு தேவைப்படாது என்பதுதான் விஷயம். 2024-ல் மாநிலம் முழுக்க இதுவே நடந்தது. திமுக அணிக்கு ஏறக்குறைய 47 சதவீத வாக்கு, 100 சதவீத இடம்.

இதே கணக்கு ஆதிக்கத்தை உடைக்கவும் உதவும். 1967 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 41.10 சதவீதம், திமுக வாங்கியது 40.69 சதவீதம். வாக்கில் காங்கிரஸ்தான் ஒரு மயிரிழை முன்னால். ஆனால் இடம்? திமுகவுக்கு 137, காங்கிரசுக்கு 51. காரணம், எதிர்க்கட்சிகள் ஒருவரை எதிர்த்து ஒருவர் நிற்காமல் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதுவரை பல துண்டாகச் சிதறிய எதிர்ப்பு வாக்கு முதல் முறையாக ஒரே பெட்டியில் விழுந்தது.

வாக்கு விகிதத்தின்படியே இடம் தரும் நாடுகளில் இந்த உப்பல் இருக்காது. தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் ஆண்ட கட்சி 2024-ல் 40 சதவீதத்துக்கு இறங்கியது. 400-ல் 159 இடம்தான் கிடைத்தது, மற்றவர்களோடு சேர்ந்துதான் ஆட்சி அமைக்க முடிந்தது. நம் ஊர் முறையில் 40 சதவீதம் என்பது பல நேரம் அசைக்க முடியாத பெரும்பான்மை. அதனால் சட்டமன்றத்தில் தெரியும் ஆதிக்கத்தில் ஒரு பெரிய பங்கு மக்கள் மனத்திலிருந்து வருவதில்லை, எண்ணும் முறையிலிருந்து வருகிறது. 'மக்கள் முழுசா இந்தப் பக்கம்தான்' என்று வென்றவர் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தொரப்பள்ளியில் பிறந்தவர் இரண்டு பக்கமும் இருந்தார்

ஆதிக்கக் கட்சி எப்படி நிலைக்கிறது, எப்படி விழுகிறது என்ற இரண்டு பாடமும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1952-ல் அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஆட்சி கேட்டன. ஆளுநர் அழைத்ததோ ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை, மேலவைக்கு நியமனம் செய்து முதல்வராக்கினார்கள். அப்புறம் மற்றக் கட்சி உறுப்பினர்களும் சுயேச்சைகளும் காங்கிரஸ் பக்கம் வந்து பெரும்பான்மை சேர்ந்தது. டெல்லியில் ஆட்சி, கையில் அதிகாரம் என்று இருக்கும் கட்சிக்கு ஒரு காந்த சக்தி உண்டு. இடம் குறைந்தாலும் ஆள் குறையாது.

அதே ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். ஒரே கட்சி எல்லா உரிமத்தையும் அனுமதியையும் கையில் வைத்திருப்பது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று ஊர் ஊராகப் பேசினார். கொள்கையில் திமுகவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தும் 1967-ல் கைகோத்தார். வலுவான கட்சியை எதிர்ப்பவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும் வரை காத்திருந்தால் காலம்தான் போகும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1952-ல் அவர் ஆட்சிக்கு வந்த விதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 1967-ல் அவர் செய்த காரியம் இல்லாமல் தமிழ்நாட்டில் ஆட்சி மாற்றம் என்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

நியாயம் எங்கே அடிபடுகிறது?

வாக்குப்பதிவு நாளில் எல்லாக் கட்சியின் பூத் ஏஜென்ட்டும் உட்கார்ந்திருக்கிறார், இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்போது கையெழுத்துப் போடுகிறார். ஆதிக்கத்தின் வேலை பெரும்பாலும் அன்றைக்கு நடப்பதில்லை. அதற்கு முன்னால் நடக்கிறது.

1. அரசும் கட்சியும் ஒன்றாகத் தெரிவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து பல்லும் எலும்பும் கெட்டுப்போன இரண்டு மாவட்டங்களுக்கு அது உயிர்நாடி. 2008-ல் திமுக ஆட்சியில் அடிக்கல், 2013-ல் அதிமுக ஆட்சியில் திறப்பு. பணம் மக்களுடையதும் ஜப்பானியக் கடனும். ஆனால் மேடையில் அது எப்போதும் ஆளும் கட்சித் தலைவரின் கொடையாகவே பேசப்படும். 'ஆளுங்கட்சிக்காரர் எம்.எல்.ஏ.வா இருந்தாத்தான் ரோடு வரும்' என்ற நம்பிக்கை இப்படித்தான் வேர் பிடிக்கிறது. தேர்தல் நடத்தை விதிகள் இதைத் தடுக்கப் பார்க்கின்றன, ஆனால் அவை தேதி அறிவித்த பிறகுதான் அமலுக்கு வரும். அதற்கு முந்தைய நாலே முக்கால் ஆண்டு ஆளும் கட்சியின் கையில்.

2. இடைத்தேர்தல். இதைப் பென்னாகரம் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய தொகுதி குறைவு. 2010 மார்ச்சில் அங்கே நடந்த இடைத்தேர்தலில் ஆளும் திமுக வென்றது. தனியாக நின்ற பாமக இரண்டாவது. முதன்மை எதிர்க்கட்சியான அதிமுக மூன்றாவது இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தது. டெபாசிட் என்பது வேட்பாளர் கட்டும் வைப்புத்தொகை, பதிவான செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். ஓர் ஆண்டு கழித்து 2011-ல் பொதுத்தேர்தல். 2010-ல் முதல் இரண்டு இடம் பிடித்த திமுகவும் பாமகவும் இப்போது ஒரே அணி. அப்படியும் பென்னாகரத்தில் வென்றவர் அதிமுக அணியின் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர். மாநிலத்தில் அதிமுகவுக்கு 150 இடம். ஓர் ஆண்டுக்குள் ஒரு தொகுதியின் மனம் இவ்வளவு புரண்டுவிட்டதா? அதை நான் நம்பவில்லை. இடைத்தேர்தலில் ஆட்சி மாறப்போவதில்லை என்று வாக்காளருக்குத் தெரியும், அமைச்சர்கள் மொத்தமாக வந்து ஒரே தொகுதியில் முகாம் போட முடியும். அதே ஆட்கள் 234 தொகுதிக்கும் பிரிந்து நிற்க வேண்டி வரும்போது அந்தப் பலம் கரைந்துபோகிறது. இடைத்தேர்தல் முடிவைப் பார்த்து ஆட்சியின் செல்வாக்கை எடைபோடுவது பிசகு என்று சொல்வது இதனால்தான்.

3. பணம். தமிழ்நாட்டில் வேட்பாளர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தேர்தலில் 95 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று வரம்பு இருக்கிறது. கட்சியின் பொதுச் செலவுக்கு வரம்பே இல்லை. ஆகவே சட்டம் கட்டிப்போடுவது வேட்பாளரை மட்டும்தான், பெரிய கட்சியை இல்லை. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் (பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தரும் ஏற்பாடு), வெளியான கணக்கின்படி ஏறக்குறைய பாதித் தொகை மத்தியில் ஆளும் பாஜகவுக்குப் போயிருந்தது. திமுக பெற்றது 656.5 கோடி ரூபாய். கொள்கை பிடித்துத்தான் இவ்வளவும் கொடுத்தார்களா என்று கேட்க வாக்காளருக்கு உரிமை உண்டு. கொடுத்தவர் பெயரையே மறைத்ததுதான் அந்தத் திட்டத்தின் பெரிய குற்றம்.

4. நடுவர். தேர்தல் ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகியோர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொன்னது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரைக்கும் என்ற நிபந்தனையோடு. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியை எடுத்துவிட்டு ஒரு மத்திய அமைச்சரைச் சேர்த்தது. மூவரில் இருவர் ஆளும் தரப்பு. ஆணையர்கள் தனிப்பட்ட முறையில் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், ஆட்டக்காரர்களில் ஒருவரே நடுவரை நியமிக்கும் ஏற்பாடு தோற்றவரின் நம்பிக்கையைக் குலைக்கும். தோற்றவர் நம்பாத தேர்தல் பாதித் தேர்தல்தான்.

5. உள்ளாட்சி. இதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை, சேதம் அதிகம் நடப்பதும் இங்கேதான். எதிர்க்கட்சிக்கு ஆள் வளரும் நாற்றங்கால் ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும். அங்கே கவுன்சிலராக நாலு தெருவுக்கு வேலை செய்து பெயர் எடுத்தவர்தான் பின்னால் எம்.எல்.ஏ. வேட்பாளராகிறார். தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-ல். நடுவில் இரண்டு கட்சியும் ஆண்டன. அதன் பிறகு 1996-ல்தான். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கட்டளையிட்ட பின்பும், 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, தருமபுரி, கிருஷ்ணகிரி உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. 2025 ஜனவரி 5-ல் அவர்கள் காலமும் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் அரசு ஊழியர், அவர் மேலே பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பாலக்கோட்டிலோ தளியிலோ தெருவிளக்கு எரியாவிட்டால் போய்க் கேட்பதற்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. கேட்டுப் பெயர் எடுப்பதற்கு எதிர்க்கட்சிக்காரருக்கும் இடம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எண்ணிக்கை இழுபறியாக இருக்கும் ஒன்றியத்தில் நாலு பேர் பக்கம் மாறினால் முடிவு மாறும். 1952-ல் பார்த்த அதே காந்தம், சின்ன அளவில்.

மூன்றாவது கட்சி ஏன் வளர்வதில்லை?

இந்த இரண்டு மாவட்டமும் பாமகவின் விளைநிலம். ஆகவே இரட்டை ஆதிக்கம் மூன்றாவது கட்சியை என்ன செய்கிறது என்று இங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

2016-ல் பாமக தனியாக நின்றது. மாநிலத்தில் 5.3 சதவீத வாக்கு, இடம் பூஜ்யம். முதல்வர் வேட்பாளராகப் பென்னாகரத்தில் நின்ற அன்புமணியே தோற்றார். 2021-ல் அதிமுக அணியில் சேர்ந்து 23 இடங்களில் மட்டும் நின்றது. வாக்கு 3.8 சதவீதமாகக் குறைந்தது, இடம் 5 கிடைத்தது, அதில் பென்னாகரமும் தருமபுரியும் உண்டு. தனியாக நின்றால் வாக்கு வளரும், இடம் கிடைக்காது. கூட்டணியில் நின்றால் இடம் கிடைக்கும், வாக்கு வளராது. 1998-லிருந்து அந்தக் கட்சி அணி மாறி மாறி நின்றதைச் சந்தர்ப்பவாதம் என்று திட்டுவது சுலபம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. ஆனால் இந்த முறையில் சின்னக் கட்சி உயிரோடு இருக்க வேறு வழி குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

வளர்ந்துவிட்டாலும் நிலைப்பது கடினம். 2011-ல் தேமுதிக 29 இடம் வென்று விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். கொஞ்ச நாளில் அவருடைய உறுப்பினர்கள் சிலர் தொகுதிப் பிரச்சினைக்காக என்று சொல்லி முதல்வரைச் சந்திக்கத் தொடங்கினார்கள். 2016 பிப்ரவரியில் அவர்கள் பதவி விலக, எண்ணிக்கை அந்தப் பதவிக்குத் தேவையான 24-க்குக் கீழே இறங்கி, எதிர்க்கட்சித் தலைவர் பதவியே போனது.

பெரிய கட்சி மொத்தமாக அள்ளும் ஆண்டில் சட்டமன்றத்தின் நிலை இன்னும் மோசம். 1991-ல் அதிமுக – காங்கிரஸ் அணிக்கு 234-ல் 225. 22 சதவீத வாக்கு வாங்கிய திமுகவுக்கு 2 இடம். 1996-ல் அப்படியே தலைகீழ், 21 சதவீதம் வாங்கிய அதிமுகவுக்கு 4. இரண்டு முறையும் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது, ஆளுங்கட்சியோடு கூட்டணி வைத்துத் தேர்தலைச் சந்தித்த கட்சியின் ஆள்: 1991-ல் காங்கிரஸ், 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ். அரசை உறுத்துக் கேட்க வேண்டிய நாற்காலி அது. கேள்வி கேட்க ஆள் இல்லாத அவையில் ஐந்து ஆண்டு ஓடினால் அரசாணையும் ஒப்பந்தமும் என்ன ஆகும் என்பதை 1991–96 காலம் காட்டிவிட்டது.

பர்கூர் சொல்வது

இவ்வளவுக்கும் பிறகு, கதவு திறந்திருக்கிறதா என்ற கேள்விக்குத் திரும்பலாம். 1991-ல் ஜெயலலிதா வென்று முதல்வரான தொகுதிகளில் ஒன்று கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துப் பர்கூர். 1996-ல் அவர் மறுபடி அங்கேயே நின்றார். அமைச்சரவை, பணம், கட்சி, காவல் துறை எல்லாம் கையில் இருந்தன. திமுகவின் இ.ஜி. சுகவனத்திடம் 8,366 வாக்கில் தோற்றார். வாக்கை எண்ணினார்கள், முடிவை அறிவித்தார்கள், ஆட்சி மாறியது. மெக்சிகோவில் 71 ஆண்டு நடக்காத காரியம் பர்கூரில் ஐந்தாவது ஆண்டில் நடந்தது. தோற்ற அவரும் 2001-ல் தன் கட்சியை மறுபடி ஆட்சிக்குக் கொண்டுவந்தார்.

2021-ல் மாநிலத்தில் 159 இடம் திமுக அணிக்குப் போனபோதும், தருமபுரி, கிருஷ்ணகிரியின் 11 தொகுதிகளில் 8 அதிமுக அணிக்கு வந்தன. தருமபுரி மாவட்டத்தின் ஐந்தும் அதில் அடக்கம். கிருஷ்ணகிரித் தொகுதியில் வித்தியாசம் 794 வாக்கு. ஒரே ஒரு பூத்தில் இருக்கும் வாக்காளர்களின் எண்ணிக்கை அளவுதான் அது.